வேலாயுதத்தோடு ஆயிரம் கிலோமீட்டர்

1

மலைமேல் மேகம் இறங்கிவிட்டது. நான் இருக்கும் சலாலா, ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ள கடற்கரை நகரம். ஊரில் ஆனி முடிந்து ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கும் நேரத்தில் இங்கே தூறல் ஆரம்பித்துவிடும். மழை என்று சொல்ல முடியாது. துவைத்துப் போட்ட சீருடை மூன்று நாளானாலும் காயாது, காரில் வைப்பர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஆனால் நகரத்துக்குப் பின்னால் இருக்கிற மலை முழுக்கப் புல் முளைத்துவிடும். அந்தப் புல்லைப் பார்ப்பதற்காகப் பாலைவனத்தில் ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மலைமேல் பாய் விரித்து, மூட்டத்துக்குள் உட்கார்ந்து இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

போன வாரம், வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி என்னிடம் கேட்டாள். விடுமுறையில் மஸ்கட்டுக்குக் காரிலேயே போகலாம் என்று இருக்கிறார்களாம். வழியெல்லாம் ரொம்ப அழகாக இருக்குமாமே, நீங்கள் அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா என்றாள்.

"ஒரு தடவை" என்றேன்.

எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பயணம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரர் ஜோசப்பிடம்கூட. ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. வாசிக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

2

என் பெயர் ஆரோக்கியமேரி. குளத்தூர் தாலுகாவில், கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற வழியில் எங்கள் ஊர். பாறையும் தைலமரமும் கடலைக் கொல்லையும்தான். நர்சிங் முடித்துவிட்டு இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எலும்பு, முதுகுத்தண்டு வார்டில் மூத்த நர்ஸ். ஒரே மகள் ஷெரின் இங்கேதான் பிறந்தாள். நான் சொல்லும் நேரத்தில் அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, கனடாவில் ஒரு கல்லூரியில் சேர விசாவுக்குக் காத்திருந்தாள்.

வேலாயுதத்தை ஒரு மாசி மாதம் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாற்பத்துநான்கு வயது. பக்கத்துத் துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலை. படகின் மேல்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் வழுக்கி, கீழே சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுந்திருக்கிறார். கழுத்தில் எலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் நடந்தது. தோளை அசைப்பார், வலது கையை முழங்கையில் மடக்குவார். விரல்கள் வேலை செய்யாது. மூச்சு சொந்த மூச்சு, பேச்சு இருந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

கட்டில் அட்டையில் ஊரைப் பார்த்துவிட்டு, "புதுக்கோட்டையில எங்கிட்டு?" என்று கேட்டேன்.

"கட்டுமாவடிங்க. நீங்க?"

"கீரனூர்ப் பக்கம்."

"நம்ம மாவட்டந்தானா" என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார். துடைத்துக்கொள்ளக் கை வராது. நான்தான் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி.

மாவட்டம் ஒன்றுதானே தவிர, நான் கட்டுமாவடியைப் பார்த்ததே கிடையாது. மாவட்டத்தின் ஒரு மூலை வறண்ட பாறை, இன்னொரு மூலை கடல். ஊரில் இருந்திருந்தால் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டோம்.

நாலு மாதம் கழிந்தது. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இனி இந்த வார்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். வேறொரு ஊரில் நீண்டகால நோயாளிகளுக்கான வார்டு இருக்கிறது, கடிதம் எழுதினால் அங்கே ஒரு கட்டில் கிடைக்கலாம், ஒரு வருடமோ அதற்கு மேலோ வைத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் நாட்டுக்கு அனுப்பிவிடலாம். நோயாளியின் விருப்பம் என்னவென்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் குனிந்து கேட்டேன். "தம்பி, வேற ஆஸ்பத்திரியில இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாக்கலாம்னு சொல்றாங்க. இல்லாட்டி ஊருக்கு அனுப்பி வைப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போய்ச் சேந்தாப் போதும்க்கா" என்றார்.

நான் நிமிர்ந்து, வீட்டுக்குப் போக விரும்புகிறார் என்று டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். கீழே மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

தமிழ் தெரிந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் போய்ச் சேர்வதும் உண்டு, ஒரேயடியாகப் போய்ச் சேர்வதும் உண்டு. எதைச் சொல்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். டாக்டருக்கு அவசரம், எனக்குப் பின்னால் இன்னும் ஆறு கட்டில்கள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. இங்கே இருக்கிற எங்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதிலாக ஊர் என்ற ஒரு சொல் தயாராக இருக்கிறது. அதைத் தவிர வேறொன்றை ஒருவர் சொல்லக்கூடும் என்று என் காதுக்குத் தோன்றவில்லை.

3

அதன்பிறகு ஐந்து வாரம் காகிதங்கள். விசாவை ரத்து செய்ய வேண்டும். படகு முதலாளியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். விபத்து பற்றி போலீஸ் அறிக்கை வேண்டும், அதை மொழிபெயர்த்து முத்திரை வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் வேலாயுதம் என்று ஒற்றைப் பெயர்தான் இருந்தது. விமானக் கம்பெனி கம்ப்யூட்டர் இரண்டாவது பெயர் இல்லாமல் டிக்கெட் போடாது. அப்பா பெயரைச் சேர்த்தால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு ஜன்னலில் திருப்பி அனுப்பினார்கள்.

கையெழுத்துப் போட முடியாதவர் என்பதால் கைரேகை. கம்பெனி ஆள் மைப் பெட்டியோடு வார்டுக்கே வந்தான். வேலாயுதத்தின் கட்டைவிரலை நான் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் உருட்டினேன். ஏழு இடம்.

"எந்தக் கை வைக்கிறீக?" என்று கேட்டார் அவர்.

"இடது கை."

"வைங்க, வைங்க" என்றார். அவருக்கு அது யாருடைய விரலோ மாதிரிதான்.

சலாலாவிலிருந்து கிளம்பும் விமானங்களில் ஸ்ட்ரெச்சரோடு ஆளை ஏற்ற மாட்டார்கள். மஸ்கட்டிலிருந்து திருச்சி போகும் விமானத்தில் சில இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் கட்டுவார்கள். ஆகவே மஸ்கட் வரை ஆம்புலன்சில் ரோடு வழியாகப் போக வேண்டும். கூட ஒரு நர்ஸ் போக வேண்டும். நான் போகிறேன் என்றேன்.

இதற்கிடையில் ஒரு விஷயம் இருந்தது. வேலாயுதத்தின் மனைவி விஜயாவுக்கு உண்மை தெரியாது. முதல் மாதமே நான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்திருக்க, "இடுப்புல அடிதான், எந்திரிக்கக் கொஞ்ச நாளாகும்" என்று சொல்லிவிட்டார். வாரா வாரம் அதையேதான் சொன்னார். நான் கேட்டதற்கு, "நேர்ல போயி நானே சொல்லிக்கிறேங்க்கா. போன்ல கேட்டா அவ தாங்க மாட்டா. நீங்க சொல்லிறக் கூடாது" என்றார். நானும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் விஜயாவும், பத்தாவது படிக்கிற ஒரு மகளும் மட்டும்தான்.

4

விடியற்காலையில் கிளம்பினோம். டிரைவர் ஹமத் இந்த ஊர்க்காரர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஷெரினும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் போய்விடுவேன், இங்கேயே பிறந்து அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை என்றாள். அவளுக்கு அது சுற்றுலா. மறுக்க மனம் வரவில்லை. மகளோடு ஒரு முழு நாள் ஒரே வண்டியில் இருக்கும் வாய்ப்பு அதற்கு முன்பு எப்போது கிடைத்தது என்று எனக்கு நினைவில்லை.

ஆம்புலன்சின் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் முக்கால்வாசிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. படுத்திருப்பவருக்கு மேல்கூரையும் விளக்கும்தான் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தால் மேல் விளிம்பில் கொஞ்சம் வெளியே தெரியும். ஷெரின் முதலில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நகரத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பின்னால் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அங்கிள், ரொம்பப் படுத்துறீங்களா?" என்று கேட்டாள்.

வசதியாகப் படுத்திருக்கிறீர்களா என்று கேட்க நினைத்திருக்கிறாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேலாயுதம் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆமாத்தா, ஒங்கம்மாவ ரொம்பத்தான் படுத்துறேன்" என்றார்.

அவளுக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. நான் சொன்னதும் சிவந்துபோய் ஸாரி, ஸாரி என்றாள். "இருக்கட்டும் ஆத்தா, சரியாத்தான் கேட்ட" என்றார் அவர். அதற்குப் பிறகு, "வெளியில என்ன தெரியுது? சொல்லு, கேப்போம்" என்றார்.

அவள் போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். தலை சுற்றுகிறது, நீயே சொல் என்றார்.

ஆகவே ஷெரின் சொல்லத் தொடங்கினாள். கழுத்தை நீட்டி, கண்ணாடியின் மேல் விளிம்பு வழியாகப் பார்த்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில். "எல்லாம் கிரீன், அங்கிள். மேகம் கீழ இருக்கு, நம்ம மேல இருக்கோம். கேமல் நிக்குது, ரோட்டுக்கு நடுவுல. நனைஞ்சு நிக்குது. ஒரு மாடு படுத்திருக்கு. புல்லுமேல நிறைய கார் நிக்குது, ஆளுங்க டீ குடிக்கிறாங்க."

"மாடு என்ன மாடு? கறுப்பா, செவலையா?"

"செவலைன்னா?"

"சேப்பு."

"பிளாக், அங்கிள்."

மலை உச்சியைத் தாண்டியதும், வாசலைச் சாத்தியது மாதிரி பச்சை நின்றுவிடும். ஒரே ஒரு வளைவு. இந்தப் பக்கம் தூறல், அந்தப் பக்கம் வெயிலும் கல்லும். ஷெரின் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்னாச்சு?" என்றார் வேலாயுதம்.

"முடிஞ்சிருச்சு, அங்கிள்."

5

தும்ரைத் என்ற ஊரைத் தாண்டினால் பிறகு நேர் ரோடு. நூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரம் கட்டி, ஹமத் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து வேலாயுதத்தைப் புரட்டிப் படுக்க வைத்தோம். படுக்கைப் புண் வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

"இப்ப?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல அங்கிள். மண்ணுதான்."

"ஒண்ணுமே இல்லாம எப்புடி இருக்கும்? இருக்கிறதச் சொல்லு."

"டயர் கிடக்கு. கிழிஞ்ச டயர். அப்புறம் கரண்ட் கம்பி. ஒரு போர்டு, கேமல் படம் போட்டிருக்கு. தூரத்துல தண்ணி மாதிரி தெரியுது, ஆனா தண்ணி இல்ல."

பாதி வழியில் இருக்கும் ஹைமா என்ற ஊர் வருவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது, ஷெரின் பேசியதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. பார்த்தேன். முகம் இரத்தச் சிவப்பு. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் நெற்றியில் வியர்வை வழிந்தது. "தலை வெடிக்குதுக்கா" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தால் கருவி காட்டிய எண்ணை நம்ப முடியவில்லை.

கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இது வரும். உடம்பில் எங்கோ ஒரு தொந்தரவு இருக்கும், அவர்களுக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியாது. உடம்பு மட்டும் பதறிப்போய் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிடும். வண்டியை நிறுத்தச் சொன்னேன். தலைப்பக்கத்தை உயர்த்தினேன். போர்வையை உருவி எறிந்து சிறுநீர்க் குழாயைப் பார்த்தேன். கடைசியாகப் புரட்டியபோது அவருடைய தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்தது. எடுத்துவிட்டேன். பை நிரம்ப நிரம்ப, அவர் முகத்திலிருந்து சிவப்பு இறங்கியது. எல்லாம் பத்து நிமிடம். ஷெரின் கதவோரம் நின்று, நான் எறிந்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

ஹைமாவில் பெட்ரோல் போட நின்றோம். வேலாயுதம் களைத்துத் தூங்கிவிட்டார். நான் இறங்கிக் கடை நிழலில் நின்றேன். மடங்கிய ஒரு குழாய், பத்து நிமிடம். கட்டுமாவடியில் இதை யார் பார்ப்பார்கள்? விஜயா விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வருகிறாளாம். காரில் அவரை எப்படி உட்கார வைப்பாள்? நான் கொடுத்த வாக்கு அந்த வெயிலில் எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. போனை எடுத்தேன்.

"அக்கா, கெளம்பிட்டீகளா? அவுக நல்லாப் பேசுறாகளா?" என்றாள் விஜயா. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தமும் ஆள் பேச்சும் கேட்டது.

"விஜயா, சத்தம் இல்லாத எடத்துக்கு வாங்க. ஒண்ணு சொல்லணும்."

வார்டில் சொந்தக்காரர்களிடம் சொல்கிற மாதிரியேதான் சொன்னேன். கழுத்துக்குக் கீழ் உணர்ச்சி இல்லை. இனி வராது. குழாய் வழியாகத்தான் சிறுநீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், ராத்திரியும் சேர்த்து. தண்ணீர் மெத்தை வேண்டும். கார் போதாது, ஆம்புலன்ஸ் கொண்டுவாருங்கள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எந்திரிக்கவே மாட்டாரா?"

"மாட்டாரு."

"கையி?"

"மடக்குவாரு. எதையும் புடிக்க முடியாது."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பக் கூட்டிட்டு வராதீங்க" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"அங்கயே வச்சுக்கச் சொல்லுங்க. அங்கிட்டு ஆஸ்பத்திரி இருக்கு, நீங்க இருக்கீக, பெரட்டிப் போட ஆளு இருக்கு. இங்க நான் ஒருத்தி. விடியக்காலையில மீன் ஏலத்துக்குப் போனாத்தான் எங்களுக்குச் சோறு. இங்கிட்டு வந்தா அவரு செத்துருவாருக்கா. என் கையில குடுத்து சாக விடப் போறீகளா?"

"அவரு ஆசைப்படுறாரு விஜயா."

"அவரு ஆசைப்படத்தான் செய்வாரு. நீங்க நர்சுதானே. நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

விசா ரத்தாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் பெயர் எடுத்தாகிவிட்டது, பாதி வழி வந்துவிட்டோம் என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. ஐந்து வாரத்துக்கு முன்னால் இன்னொரு வழி இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நான் இப்புடிச் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிறாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திரும்பினால் ஷெரின் தண்ணீர் பாட்டில்களோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. இவளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி சொல்றது கரெக்ட்தானேம்மா?" என்றாள்.

"வாய மூடு."

"ஏன்? ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிடும்னு நீதான் எப்பவும் சொல்ற. ஆனா நீ போகலையே."

நான் வண்டியைப் பார்த்து நடந்தேன்.

6

வேலாயுதம் விழித்திருந்தார். "யாருகிட்டக்கா பேசுனீங்க?"

"டாக்டர்ட்ட. குழாய் மடங்குனதச் சொன்னேன்."

"என்னவாம்?"

"எல்லாம் சரியா இருக்குதாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஷெரின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்து வண்டியை நிறுத்தி, அவரைப் புரட்டிவிட்டு மறுபடி கிளம்பினோம். அவருக்குக் கொடுத்த வாக்கை விஜயாவிடம் மீறினேன், விஜயாவிடம் சொன்னதை அவரிடம் மறைக்கிறேன். இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் பொய் சொல்லாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவையெல்லாம் அன்றைய நாளோடு போகிற பொய்கள்.

கடைசியில் வேலாயுதமே கேட்டார். "என்னாத்தா, வெளியில ஒண்ணும் இல்லையா இப்ப?"

ஷெரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மலை வந்துருச்சு, அங்கிள். ஆனா வேற மலை. மரமே இல்ல. பிரவுன் கலர். பெட்ஷீட்ட மடிச்சு மடிச்சு வச்ச மாதிரி இருக்கு. கீழ மட்டும் பேரீச்ச மரம் இருக்கு, கொஞ்சமா."

நானும் பார்த்தேன். நிஸ்வா நகரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சாயங்கால வெயில் அந்த மொட்டை மலைகளின் மேல் பட்டு, ஒரு மடிப்பு செம்பாகவும் ஒரு மடிப்பு கருநீலமாகவும் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன். "தம்பி, அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப, போய்ச் சேந்தாப் போதும்னு சொன்னீங்களே. எத நெனச்சுச் சொன்னீங்க?"

அவர் கண்ணை உருட்டி என் பக்கம் பார்த்தார்.

"இப்பக் கேக்குறீகளேக்கா. வண்டி இம்புட்டுத் தூரம் வந்துருச்சு."

வண்டி இரண்டு வளைவு திரும்பிய பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ அவரே சொன்னார். "விஜயா இருக்கா. அவ பாத்துக்கிருவா."

மஸ்கட் விமான நிலையத்தின் மருத்துவ அறையில், விமானத்தில் கூடப் போகும் நர்ஸிடம் அவரை ஒப்படைத்தேன். கேரளாக்காரப் பையன், கெட்டிக்காரன். குழாய் மடங்கியதைச் சொல்லி, எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். காகிதங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஏழு கைரேகைகளும் சரியாக இருந்தன.

"வாரேங்க்கா. வாரேன் ஆத்தா" என்றார் வேலாயுதம்.

ஷெரின் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் போய் நின்று அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்து அவரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை விடவில்லை. அவருக்கு அது தெரியாது. அவர் அவளைத் தேடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

விஜயா ஆம்புலன்சோடுதான் வந்திருந்தாள். அதைக் கேரளாப் பையன் மறுநாள் போனில் சொன்னான். முதல் இரண்டு மாதம் அவளே என்னைக் கூப்பிட்டாள். குழாயில் கலங்கலாக வருகிறது, என்ன செய்ய? காய்ச்சல் அடிக்கிறது, எந்த மாத்திரை? வீடியோவில் காட்டுவாள், நான் சொல்வேன். வேலாயுதத்திடம் போனைத் திருப்பினால், நல்லாருக்கேங்க்கா என்பார். பிறகு அழைப்புகள் குறைந்தன. ஷெரின் கனடா போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். ஐந்து நிமிடம், இங்கிலீஷில். கட்டுமாவடி அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சித்திரை மாதம் அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். ஓ என்றாள். அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

வைகாசியில் விடுமுறைக்குப் போனபோது கட்டுமாவடிக்குப் போனேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். கடைத்தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். இரண்டு அறை, ஓட்டு வீடு. முன்னறையை அடைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில், தலைப்பக்கம் உயர்த்துகிற கைப்பிடியோடு. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

விஜயா நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னாள். டீ கொடுத்தாள்.

"எட்டு மாசம் இருந்தாருக்கா" என்றாள். "முதுகுல ஒரு புண்ணு வர விடல நானு. ராத்திரி எனக்கு ரெண்டு மொறை, மகளுக்கு ஒரு மொறை. அலாரம் வச்சு எந்திரிப்போம். ஏலத்துக்குப் போறத விட்டுட்டேன். வீட்டுலயே கருவாடு போட்டு வித்தோம்."

புண் இல்லாமல் எட்டு மாதம் என்பது எங்கள் வார்டில் ஆறு நர்ஸ்கள் செய்கிற வேலை. அதை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். காய்ச்சல்தான் விடவில்லை என்றாள். விட்டு விட்டு வந்தது, கடைசியில் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள்.

"அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னேன்ல. அத அவருகிட்டச் சொல்லிட்டேங்க்கா" என்றாள்.

"எப்ப?"

"வந்து ரெண்டு மாசத்துல. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு என்னால மூஞ்சியப் பாக்க முடியல. சொன்னேன். ரெண்டு நாளு பேசல. சோத்த ஊட்டுனா வாயத் தெறப்பாரு, அம்புட்டுதான். மூணாம் நாளு, கை வலிக்குதா ஒனக்குன்னு கேட்டாரு. பெரட்டிப் பெரட்டி எனக்கு இந்தக் கை வீங்கியிருந்துச்சு."

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. டாக்டரின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான் என்று. பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அறையில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தேன், சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. விஜயா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். கட்டில் மணமேல்குடியில் யாருக்கோ வேண்டுமாம். தென்னை மரத்திலிருந்து விழுந்தவராம், இதேபோல அடியாம். கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். விஜயா கட்டிலின் தலைமாட்டில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க பொய் சொல்லாமச் சொல்லணும். அங்கிட்டே இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பாரா?"

என் கையில் பதில்கள் இருந்தன. எங்கே இருந்தாலும் விதி இதுதான் என்று சொல்லலாம். ஊர்க் காற்றைச் சுவாசித்துவிட்டுப் போனாரே, அந்தத் திருப்தி இருக்கிறதே என்று சொல்லலாம். வார்டில் சொல்லிச் சொல்லிப் பழகியவை.

"இருந்திருப்பாரு" என்றேன்.

"எம்புட்டு நாளு?"

"வருசக்கணக்குல இருந்திருப்பாரு விஜயா."

அவள் அழவில்லை. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று அவளிடமிருந்து வெளியே வந்தது.

"அப்ப நான் அன்னிக்குச் சொன்னது தப்பில்லைல?"

"தப்பில்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். "அந்தப் பக்கம் புடிங்கக்கா" என்றாள். நான் கால்மாட்டைப் பிடித்தேன். வாசல் குறுகல். கட்டிலை ஒருக்களித்துச் சாய்த்து, சுவரில் இடிக்காமல் மெள்ள மெள்ள வெளியே கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினோம்.